பூசினாற்போல

சுரக்குடி
18.6.2024

அன்புத் தங்கை சௌந்தரவல்லிக்கு, அண்ணன் சிதம்பரநாதன் எழுதிக்கொண்டது.

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நாக்பூர் வெயில் எப்படி? மாப்பிள்ளை முத்தையனுக்கு முட்டிவலி தேவலையா? பிரதீபா பூனாவிலிருந்து வந்து போனாளா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் காதுக்குப் போனில் எதைச் சொன்னாலும் "சரிண்ணே, சாப்பிட்டீங்களா" என்றுதான் பதில் வரும். குடும்பக் குழுவில் போட்டால் துபாயில் இருக்கிறவன் வரைக்கும் கைகூப்புகிற படம் அனுப்புவான். அதனால் பழையபடி கடிதமே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பங்குனியிலிருந்து இடுப்பு வலி. உளுந்து பிடுங்கினதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீர் போவதிலும் தகராறு. என் பிள்ளை ரஞ்சித் என்னைக் கட்டி இழுக்காத குறையாகப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனான். புராஸ்டேட் என்று ஒரு சுரப்பியாம், ஆண்களுக்கு மட்டும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்குமாம். அறுபத்தாறு வருஷமாக அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே தெரியாது. அதில் புற்றுநோய். இடுப்பெலும்புக்கும் போயிருக்கிறது.

உடனே அழாதே. மேலே படி.

அறுவையெல்லாம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, தினம் மாத்திரை. அவ்வளவுதான். நாம் பருத்திக்குப் பூ கொட்டாமல் இருக்க ஹார்மோன் அடிப்போமே, அதுபோல உடம்புக்குத் தெம்பு ஏற்றுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த டாக்டரம்மா, நம் பிரதீபா வயதுதான் இருக்கும், சிரித்துவிட்டது. "இது ஏத்தறது இல்லீங்க ஐயா, நிறுத்தறது. ஆம்பள ஹார்மோன்தான் அந்த நோய்க்குத் தீனி. அது சுரக்காம நிறுத்திட்டா நோய் படுத்துக்கும். போட்டுக்கிட்டே இருந்தா வருசக்கணக்கா படுத்தே கிடக்கும்" என்றது.

"நாங்க கடைமடைக்காரங்கம்மா. மேல மதகை மூடிட்டா கீழ என்ன ஆகும்னு எங்களுக்குச் சொல்லித் தரணுமா?" என்றேன். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. இந்த வருஷம் எனக்கு இரண்டு பக்கமும் மதகு மூடியிருக்கிறது.

முதல் ஊசி வைகாசியில் போட்டாயிற்று. இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது. ஆகவே இப்போது எழுதலாம்: நலம்.

உன் அண்ணன்,
சிதம்பரநாதன்


நாக்பூர்
4.7.2024

என் அண்ணனுக்கு, சௌந்தரம் வணங்கி எழுதுவது.

அழாதே என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு வருவதற்கு முன்பே அழுது முடித்துவிட்டேன். இவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அவரும் படித்துவிட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய முட்டிவலி இப்போது யாருக்கு வேண்டும்?

நீங்கள் சும்மா தலைவலி என்றாலே படுத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிற ஆள். இவ்வளவு பெரியதை இவ்வளவு சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த டாக்டரம்மா சொன்னதைத் தேதி தவறாமல் செய்யுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் எழுதுவதா என்று யோசித்தேன். உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? பிரதீபாவுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் பெயர் ஜெயபிரகாஷ், பூனாவில் அவள் ஆபீஸ் பக்கத்தில்தான் வேலை. சொந்த ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? கோட்டுச்சேரி! உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க என் பெண் பூனாவுக்குப் போயிருக்கிறாள். நல்ல பையன். என்ன, சுண்டினால் ஒடிந்துவிடுவான் போல ஒல்லி. கல்யாணத்துக்குள் கொஞ்சம் பூசினாற்போல ஆகிவிட்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

தை கடைசியில் முகூர்த்தம், காரைக்காலில். தாய்மாமன் நீங்கள்தான் அவள் நெற்றியில் பட்டம் கட்டப் போகிறீர்கள். என் கல்யாணத்தில் நம் மாமா, நம் வீட்டு வழக்கப்படி மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தொந்தி முன்னால் வர வந்து நின்று என் நெற்றியில் பட்டம் கட்டினாரே! அவர் தொந்தி இடித்து நான் மணையிலிருந்து சாய்ந்துவிட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இப்போது உங்கள் முறை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ரஞ்சித்துக்கு என் ஆசி.

சௌந்தரவல்லி


சுரக்குடி
20.8.2024

சௌந்தரத்துக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நீ திட்டுவதற்குள் காரணம் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் வந்தது, விதைப்பு வேலை. வீட்டில் எல்லாரும் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்க்கிறார்கள், நோய் எவ்வளவு துள்ளுகிறது என்று அதில் தெரியுமாம். அது மளமளவென்று இறங்கிவிட்டது. டாக்டரம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

ஆனால் இந்த ஊசி ஒரு வேடிக்கையான ஊசி. திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டின மாதிரி இருக்கும். அது கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறும். சட்டை தொப்பலாக நனையும். ஐந்து நிமிஷத்தில் குளிரும். போன வாரம் உரக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது வந்துவிட்டது. கடைக்காரர் நான் மாரடைப்பில் போகிறேன் என்று சோடா உடைத்துக் கொடுத்தார். சாடை காட்டாமல் குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. டிவி நாடகத்தில் மாமியார் மருமகளைத் திட்டினால் எனக்கு அழுகை வருகிறது. உன் அண்ணி நாடகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். தாடி சரியாக வளர்வதில்லை, நாவிதருக்குப் போகிற செலவு மிச்சம். மாடிப்படி ஏறினால் களைப்பு. சாயங்காலம் வாய்க்கால் கரையோரம் நட என்று சொல்லியிருக்கிறார்கள், எலும்புக்கு நல்லதாம். நடக்கிறேன்.

பிரதீபா விஷயம் கேட்டு மிகவும் சந்தோஷம். மற்றவை நேரில்.

சிதம்பரநாதன்


நாக்பூர்
5.9.2024

அண்ணனுக்கு, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க எழுதுவது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அடுப்பு மூட்டுகிற கதையை இரண்டு முறை படித்தேன். அண்ணா, அதற்குப் பெயர் எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியும். உலகத்தில் ஐம்பது தாண்டின எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் எனக்கு நான்கு வருஷம் இதுதான் பிழைப்பு. நாக்பூர் குளிரில் ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவர் கம்பளிக்குள்ளிருந்து என்னை முறைப்பார். நீங்கள் அந்த வருஷம் இங்கே வந்தபோது "இதுக்கு ஒடம்புல கொழுப்பு சாஸ்தி" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். கடவுள் காதில் அது விழுந்திருக்கிறது.

இப்போது உங்களுக்கு நான் வைத்தியம் சொல்கிறேன். பருத்திச் சட்டை மட்டும் போடுங்கள். காப்பியைக் குறையுங்கள். காரத்தையும். ஈரத் துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். வந்தால் பதறாமல், வந்த விருந்தாளியைப் போல உட்காரவைத்து அனுப்பிவிடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதற்கு என்ன வரியா போடுகிறார்கள்?

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மூன்று பக்கம் எழுதினீர்கள், பட்டம் கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரைத் தாய்மாமன் என்று போட்டு முதலில் வைக்கிறேன். பட்டத்தை நீங்கள் காரைக்காலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். சரி என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம்.

சௌந்தரம்


சுரக்குடி
10.10.2024

சௌந்தரவல்லிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய விருப்பம்.

தை கடைசி இங்கே அறுவடை நேரம் என்பது உனக்குத் தெரியாததல்ல. அறுவடை மெஷின் முறை வைத்து வருகிறது, நம் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் வயலை விட்டு நகர்வது கஷ்டம். உன் அண்ணி வருவாள். ரஞ்சித்தை அனுப்புகிறேன். பட்டத்தை அவனே கட்டட்டும். இளம்பிள்ளை, பார்க்கவும் நன்றாக இருப்பான். பத்திரிகையில் என் பெயர் இருக்கட்டும், தவறில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

சிதம்பரநாதன்


நாக்பூர்
21.10.2024

அண்ணனுக்கு,

இங்கே யாரும் நலமாக இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சுரக்குடிக்கும் காரைக்காலுக்கும் எவ்வளவு தூரம் அண்ணா? அறுப்பு மெஷினை ஓட்டப் போகிறவர் நீங்களா? காலையில் வந்து பட்டம் கட்டிவிட்டு மத்தியானம் வயலில் நிற்கலாம். இதைச் சின்னக் குழந்தைகூட நம்பாது.

ரஞ்சித்தை அனுப்புகிறேன் என்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அவன் பிரதீபாவுக்கு முறைமாப்பிள்ளை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கேட்டீர்கள். பிள்ளைகள் இரண்டும் "கூடப் பொறந்தவங்க மாதிரி வளந்துட்டோம், வேணாம்" என்று சொல்லின. நீங்களும் சிரித்துக்கொண்டு "அதுங்க இஷ்டம்" என்றீர்கள். அந்தச் சிரிப்பு வாயளவுதானா? கட்டிக்க இருந்தவன் கையால் பட்டம் கட்டச் சொன்னால் கோட்டுச்சேரிக்காரர்கள் முன்னால் என் தலை எங்கே போகும்? எனக்குப் பாடம் கற்பிக்க இந்த வழிதான் கிடைத்ததா?

எனக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நீங்கள் ஒருவர்தான். தாய்மாமன் நிற்காத மணையில் என் பெண்ணை நான் உட்காரவைக்கப் போவதில்லை. கல்யாணத்தை நிறுத்து என்றால் அதையாவது நேராக எழுதுங்கள்.

மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சௌந்தரவல்லி


சுரக்குடி
22.11.2024

அன்புள்ள சௌந்தரத்துக்கு, அண்ணி பங்கஜவல்லி எழுதுவது.

நான் உனக்குக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருக்கும். உன் அண்ணன் வயலுக்குப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதித் தபாலில் போட வேண்டும். நீ, உன் வீட்டுக்காரர், பிரதீபா எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று தர்ப்பாரண்யேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

நீ நினைப்பது ஒன்றுமே இல்லையம்மா. ரஞ்சித் விஷயத்தில் அவருக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. ரஞ்சித்தே பிரதீபாவுக்கு என்ன வாங்கித் தருவது என்று என்னைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். இது வேறு.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன். அந்த ஊசி மாத்திரையில் அவருக்கு மார்பு வீங்கிவிட்டது. பெண்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி. தொட்டால் வலிக்கிறது. ஆவணியிலிருந்து பம்புசெட்டில் குளிப்பதை விட்டுவிட்டார், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறார். வீட்டில் சும்மா இருக்கும்போதும் துண்டை நெஞ்சை மூடிப் போட்டுக்கொண்டு இருக்கிறார். தையற்காரரிடம் சட்டையைத் தொளதொளவென்று தைக்கச் சொன்னார். என்னிடமே ஒரு மாதம் காட்டவில்லை. நீ சட்டையில்லாமல் வந்து பட்டம் கட்டச் சொன்னாய். அதற்குத்தான் அறுவடை, மெஷின், ரஞ்சித் எல்லாம்.

நீ கோபமாக எழுதின கடிதம் வந்த அன்று அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். மறுநாள் "கல்யாணத்துக்குப் போறேன். நான்தான் பட்டம் கட்டுவேன். ஆனா இனிமே ஊசி போட்டுக்க மாட்டேன். அதுக்குள்ள இது வத்திடும்" என்றார். "வத்தறதுக்கு அது என்ன குளமா?" என்று கேட்டேன். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இந்த மாதம் போட வேண்டிய ஊசிக்குப் போகவில்லை. ரஞ்சித்திடம் தேதி தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் சொன்னால் "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். நீ சொன்னால் கேட்பார். நான் எழுதினது தெரிய வேண்டாம், ரொம்பக் கூசிப்போவார்.

பங்கஜவல்லி


நாக்பூர்
1.12.2024

என் அருமை அண்ணனுக்கு, தங்கை பல தடவை மன்னிப்புக் கேட்டு எழுதுவது.

போன கடிதத்தில் பேய் பிடித்தவள் மாதிரி எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பெண் கல்யாணம் என்றால் அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் பிசகும், அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று வேறு ஒரு கதை எழுத வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அந்தச் சூடு வந்த வருஷங்களில் இன்னொன்றும் வந்தது. மீசை. மோவாயிலும் கருகருவென்று நாலு முடி. கண்ணாடியைப் பார்த்து நான் அழுதது இவருக்குக்கூடத் தெரியாது. டாக்டர் சொன்னார், பெண் ஹார்மோன் குறைகிற வயதில் இப்படி வருவதுதான் என்று. உடம்பு என்ன, நம்மைக் கேட்டுக்கொண்டா எல்லாம் செய்கிறது? ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றை முளைக்கவைக்கும்.

அந்த மீசையோடுதான் நம் சித்தி மகன் கல்யாணத்துக்கு வந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தீர்கள். என் மீசையைப் பார்த்தீர்களா? சத்தியமாகச் சொல்லுங்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் உங்களுக்கு நான் சௌந்தரம்தான், வேறு யார்?

அதனால் மீசை முளைத்த தங்கை சொல்கிறேன். ஊசி போட்டுக்கொள்ளாத அண்ணன் எனக்கு வேண்டாம். கார்த்திகை ஊசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவே இல்லையே? போடாமல் இருந்தால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரஞ்சித்தைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். பட்டம் கட்ட ஒரு நாள் போதும். அதற்கு அப்புறமும் நீங்கள் எனக்கு வேண்டும். ஆடிக்கு வேண்டும், தீபாவளிக்கு வேண்டும், பிரதீபாவுக்குப் பிள்ளை பிறந்தால் உங்கள் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும்.

இன்னொன்று. மண்டபம் ஏ.சி. என்பதாலும் போட்டோ எடுப்பதாலும் மணவறைக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் சட்டை போட்டிருக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். நமக்கென்ன, சரி என்று சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

சௌந்தரம்


சுரக்குடி
18.12.2024

அன்புத் தங்கைக்கு,

நானும் வீட்டாரும் நலம். பொய்யில்லாத நலம்.

உன் மீசைக்கதை நன்றாக இருந்தது. அது தானாக வந்து விழுந்த கதை இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு அரைமணி ஆயிற்று. உன் அண்ணியைக் கூப்பிட்டேன். கேட்பதற்கு முன்னாலேயே "ஆமா, நாந்தான் எழுதுனேன். இப்ப என்னங்கறீங்க?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.  உட்கார்ந்து அழுதேன். ஊசியால் வந்த அழுகை இல்லை அது.

மறுநாளே போனோம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் அந்த எண் கொஞ்சம் ஏறியிருந்தது. "ஊசியை நிறுத்தினா மார்பு உடனே வத்தாதுங்க ஐயா. நோய்தான் எந்திரிக்கும். எதை எதுக்காக விடப் பாத்தீங்க?" என்றது. ரஞ்சித் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊசி போட்டார்கள். மார்பு வலிக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று திட்டி, ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இது நிறையப் பேருக்கு வருவதுதானாம்.

வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்துல் லத்தீப் என்று பெயர், காரைக்காலில் பாத்திரக்கடை. நான் துண்டை இழுத்து இழுத்து மூடுவதைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கும் அதே ஊசியா?" என்றார். "எனக்கு மூணு வருசம் ஆச்சு. ஜிப்பாவ ரெண்டு அளவு பெருசா தச்சிக்கிட்டேன், முடிஞ்சுது. பேரன் மேல ஏறிப் படுத்துக்கிட்டு மெத்து மெத்துன்னு இருக்குங்கறான்" என்று உடம்பு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஒன்றாக வந்தோம். மூன்று வருஷம் என்றாரே, அந்த வார்த்தையை நான் வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பட்டம் நான் கட்டுகிறேன். வேறு எவனும் கட்டக் கூடாது.

சிதம்பரநாதன்


நாக்பூர்
6.1.2025

அண்ணனுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இவர் கடைக்குப் போய் லட்டு வாங்கிவந்தார், ஊரில் இருக்கிற எல்லாருக்கும் காரணம் சொல்லாமல் கொடுத்தார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பார்சல் வரும். ஒரே துணியில் ஐந்து சட்டைகள், நம் பக்கத்து ஆண்களுக்கு. உங்களுடையது கொஞ்சம் பெரியது. சம்பந்தி வீட்டார் சட்டை கேட்டார்கள் என்றது பொய். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நீங்கள் வந்தால் போதும்.

நாங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறோம். அண்ணியிடம் சொல்லுங்கள், கொடுவா மீன் குழம்பு வேண்டும். நாக்பூரில் மீன் என்று எதையோ விற்கிறார்கள்.

சௌந்தரம்


சுரக்குடி
20.2.2025

அன்புத் தங்கை சௌந்தரத்துக்கு,

நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாக ரஞ்சித் சொன்னான். பிரதீபாவும் மாப்பிள்ளையும் பூனாவுக்குக் கிளம்புகிற வழியில் மறுபடி இங்கே வந்து ஒரு நாள் தங்கிப் போனார்கள். பையன் இன்னும் ஒல்லிதான். உன் அண்ணி ஒரு நாளில் அதைச் சரிசெய்யப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டில் அனைவரும் நலம். அறுவடை முடிந்தது, நெல் உலர்ந்துகொண்டிருக்கிறது.

கல்யாணத்தன்று நடந்தது எல்லாம் நீ பார்த்ததுதான். ஆனால் உன் காதுக்கு எட்டாதது ஒன்று உண்டு. உன் மந்தக் காதில் அது விழுந்திருக்கவே விழுந்திருக்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சட்டையோடுதான் மணவறைக்கு வந்தேன். ஏ.சி. இருந்தது, ஆனால் ஓமத்துக்குப் பக்கத்தில் நின்றதும் அந்த விருந்தாளி வந்துவிட்டார். நெஞ்சில் ஆரம்பித்து உச்சந்தலை வரைக்கும். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. மறைக்கப் போட்ட சட்டை எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தது. பட்டத்தை எடுக்கச் சொல்லி ஐயர் அவசரப்படுத்துகிறார். எனக்குக் கண்ணை இருட்டியது. ஓடிவிடலாமா என்றுதான் நினைத்தேன், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? அப்போது உன்னைப் பார்த்தேன்.  தட்டில் இருந்த விசிறியை எடுத்து எனக்கு விசிறினாய். பெண்ணின் அம்மா அந்த நேரத்தில் செய்கிற வேலையா அது? முகத்தில் காற்றுப் பட்டதும் எனக்கு என்னவோ துணிச்சல் வந்துவிட்டது. பொத்தான்களைக் கழற்றினேன். நீ சட்டையை வாங்கி மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டாய், ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி. துண்டை நெஞ்சில் போடப் போனவன், நம் மாமாவை நினைத்துக்கொண்டு இடுப்பில் கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மேளம் நின்றது. ஊரே என்னைப் பார்ப்பது போலிருந்தது. எனக்கு நேர் எதிரே ஜெயபிரகாஷின் பெரியம்மா, கல்யாணசுந்தரி என்று பெயர், சிவப்புப் பட்டு, உனக்கு நினைவிருக்கும். உன்னைவிடக் காது மந்தம் போலிருக்கிறது, அதனால் சத்தமாகத்தான் பேசுகிறார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"பொண்ணோட மாமா பாருங்க, நல்லா பூசினாப்ல, லட்சணமா இருக்காரு. கவலையில்லாத ஒடம்பு. நம்ம பையனும் அந்த வூட்டுச் சாப்பாட்டுல இப்படி ஆனா தேவல."

சௌந்தரம், ஆவணியிலிருந்து நான் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தது, துண்டு போட்டு மூடினது, ஊசியை விட்டது, உன்னை அழவைத்தது எல்லாம் எதற்காகவோ, அதற்கு ஊரில் வைத்திருக்கிற பேர் இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரதீபாவின் நெற்றியில் பட்டம் கட்டும்போது என் தோள் குலுங்கியதைப் பார்த்து மாமா அழுகிறார் என்று அவளும் கண் கலங்கிவிட்டாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நீயும் அழுகை என்று நினைத்துத்தான் என் முதுகைத் தடவினாய். கொஞ்சம் அழுகையும் இருந்தது, அதை இல்லை என்று சொல்லவில்லை.

பம்புசெட்டில் இப்போது திறந்தவெளியில்தான் குளிக்கிறேன். அடுத்த ஊசி பங்குனியில். அப்துல் லத்தீப்புக்கும் அதே வாரம்தான், காரைக்காலில் சேர்ந்து பஸ் ஏறுவதாகப் பேசியிருக்கிறோம். போட்டுக்கொண்டு வந்ததும் எழுதுகிறேன். பதிலில் உன் மீசையின் நலமும் எழுது.

பூசினாற்போல இருக்கும் உன் அண்ணன்,
சிதம்பரநாதன்